இடதுகரைக்கு முந்நூறு நாற்காலி

நல்லாங்குளத்தில் தங்கப்பழம் பந்தல் செட்டில் வேலை பார்த்த நால்வரைப் பற்றி ஊரில் யாரும் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. சொன்ன வேலையைச் செய்வார்கள். சொன்னதை அப்படியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

தபால்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "பந்தலை எப்படியும் போடுங்கப்பா. ஆனா தெருவுல போறவன் கண்ணுக்கு எங்க வாசக்கதவு தெரியணும். பூட்டன் காலத்துத் தேக்கு." பந்தல் போட்டதும் கதவு மறைந்துவிட்டது. நால்வரும் கூடி யோசித்தார்கள். கதவைக் கழற்றித் தெருவில் கொண்டுவந்து வேப்பமரத்தில் சாய்த்து வைத்தார்கள். போனவர் வந்தவர் எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். தெருமாடுகள் இரண்டு, கதவில்லாத வீட்டுக்குள் போய் மணவறை வாழையைப் பார்த்தன. பார்த்ததோடு நிற்கவில்லை.

நால்வரில் மூத்தவன் மாசானம். மூத்தவன் என்பதால் அறிவாளி என்று மற்ற மூவரும் நம்பினார்கள், அவனும் மறுக்கவில்லை. எசக்கி கம்பைப் பிடிப்பான். பிச்சக்கண்ணு அடிப்பான். சொரிமுத்து ஏறுவான். மாசானம் கீழே நின்று "ம்" என்பான். இப்படி ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஒரு சடங்கு வீட்டு ட்யூப் லைட் வந்து சேர்ந்தது.

சொரிமுத்து பந்தல் கம்பின் உச்சியில் இருந்தான். ஒரு கையில் கம்பு, ஒரு கையில் லைட். கீழே இருந்து முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி கத்தினார்: "ஏல, புது லைட்டுல! ரெண்டு கையாலயும் பிடில! கீழ நிக்கவன் எல்லாரும் பாத்துக்கிடுங்க, லைட்டு தரையில விழக்கூடாது!"

சொரிமுத்து இரண்டு கையாலும் லைட்டைப் பிடித்தான். கம்பைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் விழுந்தான். மாசானம் பாய்ந்து போய் லைட்டைப் பிடித்தான். லைட்டுக்குக் கீறல்கூட இல்லை. சொரிமுத்துவை யாரும் பிடிக்கச் சொல்லவில்லை. அவன் நேரே போய், மேடையில் போடக் கொண்டுவந்திருந்த சிவப்பு வெல்வெட் மாப்பிள்ளை சோபாவில் விழுந்தான். சோபாவுக்கு ஒரு கால் போயிற்று. சொரிமுத்துவுக்கும் ஒரு கால் போயிற்று.

தங்கப்பழம் சோபாவை ஆசாரியிடம் அனுப்பிச் சரி பண்ணினார். சொரிமுத்துவிடம், கால் சேர்ந்தாலும் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாசானத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. லைட்டைப் பிடித்த கையைப் பார்த்துப் பார்த்து மனசு வலித்தது. சொரிமுத்து வேலை போய் வீட்டில் கிடந்தால் அவன் வீட்டில் உலை வைக்க வேறு ஆள் கிடையாது. எப்படியாவது அவனைத் திரும்ப வேலையில் சேர்த்துவிட வேண்டும் என்று மாசானம் துடித்தான். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி சொன்னவள் ரெஜினா. பீடி சுற்றுகிறவள். ஆஸ்பத்திரியில் சொரிமுத்துவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த தன் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுவந்தவள், கதையைக் கேட்டுவிட்டு மாசானத்திடம் சொன்னாள்: "அண்ணே, 'இடதுகரைத் தோழர்கள்'னு போன்ல ஒரு குரூப் இருக்கு. நானும் இருக்கேன். எல்லாம் இடதுசாரி ஆளுங்க. முந்நூறு பேரு. வக்கீல் இருக்காரு, வாத்தியார் இருக்காரு. தொழிலாளிக்கு ஒண்ணுன்னா விடமாட்டாங்க. சேருங்க, பொறவு விஷயத்தைப் போடுங்க."

நால்வருக்கும் சேர்த்து ஒரே போன்தான், மாசானத்துடையது. சொரிமுத்து கட்டுப்போட்ட காலோடு வீட்டுக்கு வந்த அன்று, அவன் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து போனைத் திறந்தார்கள். சேருவதற்கு முன்னால் விதிகளைப் படித்து 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். மாசானம் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"தனியாக எவரும் முடிவெடுக்கக் கூடாது. கிளை உறுப்பினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். சிறுபான்மை பெரும்பான்மைக்குக் கட்டுப்பட வேண்டும். தவறுகளை மக்கள் முன் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும்."

"நல்ல விதிதானவே," என்றான் எசக்கி. "அமுக்கும்."

"நான் தனியா எப்படில அமுக்க? முத விதியே போச்சே."

நியாயம்தான். நால்வரும் ஆளுக்கொரு விரலை நீட்டி ஒரே நேரத்தில் அமுக்கினார்கள். பொத்தான் சின்னது, விரல்கள் பந்தக்கால் ஊன்றிய விரல்கள். போன் என்ன நினைத்ததோ, மாசானத்தின் மாமியாருக்கு அழைப்புப் போட்டுவிட்டது. மறுமுனையில் அந்த அம்மாள் "யாரு? யாருல?" என்று கேட்டுக்கொண்டே இருக்க, இவர்கள் பதில் சொல்லலாமா என்று கலந்து பேசி முடிப்பதற்குள் அவள் தானே வைத்துவிட்டாள்.

கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. பிச்சக்கண்ணுவின் ஆள்காட்டி விரல் நால்வர் சார்பாக அமுக்குவது என்று முடிவாயிற்று. சம்மட்டியில் அடிக்கடி மாட்டிய விரல் என்பதால் அதற்குத்தான் அனுபவம் ஜாஸ்தி.

குரூப்பை நடத்துகிறவர் தோழர் வெண்மதி. திருவாரூர்ப் பக்கம் ஏதோ கல்லூரியில் பாடம் எடுக்கிறவர். 'வாருங்கள் தோழர்களே! உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். என்ன வாசித்திருக்கிறீர்கள்?' என்று கேட்டார். நால்வரும் பேசி உண்மையைச் சொன்னார்கள்: 'பந்தல் போடுகிறோம். பந்தல் போட்ட இடத்தில் கட்டியிருக்கும் கல்யாண போர்டுகள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறோம்.'

இடதுகரை துள்ளிக் குதித்தது. நிஜமான தொழிலாளிகள்! பதினாறு வருஷமாகப் புத்தகம் படித்தவர்கள் எல்லாம் கையைத் தட்டினார்கள். கல்யாண போர்டு மக்கள் இலக்கியமா, முதலாளித்துவப் பண்டமா என்று இரண்டு தோழர்கள் விவாதம் தொடங்கினார்கள். மறுநாள் மத்தியானம் வரை அது ஓடியது. நடுவில் மாசானம் 'எங்கள் சொரிமுத்துவுக்கு வேலை போய்விட்டது' என்று போட்ட செய்தி, எங்கோ மேலே போய்விட்டது. அதற்கும் முப்பது பேர் சிவப்புக் கொடி படம் போட்டிருந்தார்கள். 'நீங்கள் நால்வரும் இனி நல்லாங்குளம் கிளை. ஞாயிறு மாலை ஆறு மணிக் கூட்டத்தில் இதைப் பேசுவோம்' என்று வெண்மதி எழுதினார்.

கிளை ஆகிவிட்டார்கள் என்றதும் பொறுப்பு வந்துவிட்டது. எல்லாவற்றையும் வாக்குக்கு விட்டார்கள். டீயா காப்பியா என்பது வாக்குக்குப் போனது. இன்றைக்குச் செவ்வாயா புதனா என்பதும் போனது. செவ்வாய் ஜெயித்தது, புதன்கிழமை முழுக்க அவர்களுக்குச் செவ்வாயாகவே இருந்தது. ஒருநாள் எசக்கி, "சொரிமுத்துக்கு இப்பம் கால் வலி இல்லைன்னு நெனைக்கேன்" என்றான். மூன்று கை உயர்ந்தது.

"ஏ, எனக்கு வலிக்குதுடே," என்றான் சொரிமுத்து.

"அது சிறுபான்மைக் கருத்து, மக்கா," என்றான் மாசானம் வருத்தத்தோடு.

சொரிமுத்து கட்டுப்பட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி கிடந்தான். பார்க்கப் பாவமாக இருந்ததால் மறுநாள் வாக்கெடுப்பை மாற்றி, வலிக்கலாம் என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். அவன் நன்றி சொல்லிவிட்டு முனகினான்.

வெள்ளிக்கிழமை சுயவிமர்சனம். மற்ற கிளைத் தோழர்கள் எல்லாம் 'இந்த வாரம் நான் போதிய அளவு வாசிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தூங்கப் போனார்கள். நல்லாங்குளம் கிளை அப்படிச் செய்யவில்லை. மக்கள் முன் என்று விதியில் இருக்கிறதே. கூம்பு ஸ்பீக்கர்களைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் கட்டி, மைக்கை எடுத்து வைத்து, "வணக்கம் மக்களே, சோதனை, சோதனை" என்று ஆரம்பித்தார்கள்.

பிச்சக்கண்ணு முதலில் பேசினான். பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் காணாமல்போன கேசரி வாளி, நாய் தூக்கிக்கொண்டு போனது அல்ல என்றான். அதை யார் யார் எங்கே உட்கார்ந்து தின்றார்கள் என்றும் சொன்னான். அதில் தலைவரின் தம்பியும் ஒருவர். எசக்கி, போன கோயில் கொடைத் திருவிழாவில் கரண்ட் போனது மின்வாரியத்தால் அல்ல, தான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தலைக்கு வைத்துத் தூங்கியதால்தான் என்றான். தெருவெல்லாம் கதவைத் திறந்து நின்றது.

மாசானம் மைக்கை வாங்கினான். முதலில் தன் பெண்டாட்டி பூரணத்தின் ரசத்தைப் பற்றிச் சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து நல்லா இருக்கிறது என்று சொல்லிவந்தது பொய் என்றான். பிறகு சொரிமுத்து விஷயத்துக்கு வந்தான். "அன்னைக்கு நான் லைட்டைப் பிடிச்சேன். சொரிமுத்துவைப் பிடிக்கலை. லைட்டு போனா வேற வாங்கலாம். சொரிமுத்துவை எங்கன போயி வாங்க?"

மேலத்தெருவில் கட்டிலில் கிடந்த சொரிமுத்து சன்னல் வழியாகக் கத்தினான்: "லைட்டு நல்லா எரியுதுல்லா அண்ணே? எரிஞ்சாச் சரிதான்!" மாசானத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று முதல் அவன் வீட்டில் ரசம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையிலேயே வெண்மதியின் செய்தி: 'இன்று மாலை ஆறு மணிக்குக் கூட்டம். முந்நூறு தோழர்களும் கலந்துகொள்கிறார்கள். அனைவரும் குறித்த நேரத்துக்கு முன்பே அமர்ந்துவிட வேண்டும். நல்லாங்குளம் பிரச்சினை பேசப்படும்.'

"அமரணும்னு போட்டிருக்கு," என்றான் மாசானம். "எதுலல அமருவாங்க?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தல்காரர்களுக்குப் போய் இதைச் சொல்லித்தர வேண்டுமா? முதலாளி வெளியூர் போயிருந்த நேரம், கோடவுனைத் திறந்தார்கள். கடைக்கு எதிர்ப் பொட்டலில் பந்தல் எழுந்தது. முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலி வரிசை வரிசையாகப் போட்டார்கள். பெரிய தவலையில் டீ கொதித்தது. மேடையில் சிவப்பு சோபாவைப் போட்டு, அதன் நடுவில் ஒரு தலையணையும், தலையணை மேல் போனும் வைத்தார்கள். சொரிமுத்துவைக் கட்டிலோடு தூக்கிவந்து முதல் வரிசையில் இறக்கினார்கள்.

நாலரை மணிக்குத் தங்கப்பழம் வந்து இறங்கினார்.

"ஏல! யாரு வீட்டு விசேஷம்ல இது? எனக்குத் தெரியாம எவம்ல ஆர்டர் எடுத்தது?"

"விசேஷம் இல்ல அண்ணாச்சி," என்றான் மாசானம். "தோழர்கள் கூடுதாங்க. முந்நூறு பேரு. சொரிமுத்து விஷயமா."

"முந்நூறு பேரா?"

"வக்கீலும் உண்டு," என்றான் எசக்கி.

ஒரு காலத்தில் தங்கப்பழம் பீடி சுற்றக் கொடுக்கும் கடை வைத்திருந்தபோது, நாலு பேர் கொடி பிடித்து வாசலில் நின்றதற்கே ஒரு வாரம் மச்சினன் வீட்டில் ஒளிந்திருந்தவர் அவர். இப்போது முந்நூறு நாற்காலியைப் பார்த்தார். அதில் முந்நூறு கொடியையும் சேர்த்துப் பார்த்தார்.

"ஏ மாசானம், நமக்குள்ள எதுக்குடே வெளியாளு? சொரிமுத்துவை நான் வேண்டாம்னா சொன்னேன்? ஒரு கோவத்துல சொன்னது. அவன் வரட்டும். ஏறுத வேலை வேண்டாம், உக்காந்து பாக்குத வேலையாத் தாரேன். கூட்டத்தை நிப்பாட்டு."

மாசானத்துக்கு நெஞ்சு பொங்கியது. சொரிமுத்துவைப் பார்த்தான். சொரிமுத்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தே விட்டான். ஆனால் விதி விதிதான். நால்வரும் வட்டமாகக் கூடினார்கள். முதலாளி சொன்னதை ஏற்கலாமா? நான்கு கையும் உயர்ந்தது. தங்கப்பழம் பெருமூச்சு விட்டார்.

"பொறுங்க," என்றான் பிச்சக்கண்ணு. "சிறுபான்மை எங்க?"

"எந்தச் சிறுபான்மை?"

"சிறுபான்மை பெரும்பான்மைக்குக் கட்டுப்படணும்லா விதி? இதுல கட்டுப்பட ஆளே இல்லையே. பொறவு தீர்மானம் எப்படிச் செல்லும்?"

மூவரும் விறைத்துப்போனார்கள். எவ்வளவு பெரிய தப்பு செய்ய இருந்தார்கள்! எசக்கியை எதிர்க்கச் சொன்னார்கள். "சொரிமுத்து வேலைக்கு வாரதை நான் எதிர்க்கவா? மாட்டேன்வே, பாவம்," என்றான். பிச்சக்கண்ணு மாட்டேன் என்றான். மாசானத்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நட்புக்காகச் சொரிமுத்துவே தன்னை எதிர்க்க முன்வந்தான். அது மனசாட்சிக்கு விரோதம் என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். மணி ஐந்தைத் தாண்டியது. தங்கப்பழம் தெருமுனையைத் தெருமுனையைப் பார்த்தார்.

"ஏல, நான் எதிர்க்கேம்ல!" என்று கத்தினார். "நான் எதிர்த்துத் தோத்துக்கிடுதேன். போதுமா?"

"நீங்க உறுப்பினர் இல்லையே அண்ணாச்சி," என்றான் மாசானம்.

"ஆயிருதேன்! எங்க அமுக்கணும்? காட்டு!"

தன் போனை எடுத்து விதிகளைப் படிக்காமலே ஏற்றார். 'சேர்வதன் நோக்கம் என்ன?' என்று கேள்வி வந்தது. தங்கப்பழம் அவசரத்தில் உண்மையை எழுதினார்: 'தோற்பது.' தொழிலைக் கேட்டதற்கு 'முதலாளி' என்று எழுதினார்.

உடனே வெண்மதி எழுதினார்: 'தன் வர்க்கம் தோற்க வேண்டும் என்று தானே முன்வரும் ஒரு முதலாளியை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கிறேன். நல்லாங்குளம் கிளைக்கு வாருங்கள், தோழர் தங்கப்பழம்!' நூறு பேர் முஷ்டியை உயர்த்தினார்கள். வாத்தியார் ஒருவர் அழுதுவிட்டதாக எழுதினார்.

வாக்கெடுப்பு நடந்தது. நாலுக்கு ஒன்று. சொரிமுத்துவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மாசானம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். எசக்கி டீயை ஊற்றிக் கொடுத்தான். தங்கப்பழமும் ஒரு டம்ளர் குடித்தார். தோற்றதில் அவ்வளவு நிம்மதி அவருக்கு.

ஆறு மணிக்கு சோபா மேலிருந்த போன் கூவியது. நால்வரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். போன் திரையில் தோழர்கள் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தார்கள். ஒருவர் கட்டத்தில் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"எங்கல முந்நூறு பேரு?" என்றார் தங்கப்பழம்.

"அந்தா, எல்லாரும் வந்துட்டாங்கல்லா," என்றான் மாசானம். "நாற்காலிதான் அவங்க அளவுக்குத் தோதுப்படலை."

தங்கப்பழம் காலி நாற்காலிகளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். முகம் சோபா நிறத்துக்குப் போயிற்று. கூட்டத்தில் அதற்குள், தங்கப்பழத்தைச் சிறு முதலாளி என்பதா, நடுத்தர முதலாளி என்பதா என்று சண்டை பிடித்துக்கொண்டது. மணி எட்டாகியும் தீரவில்லை. 'சொரிமுத்து விஷயத்தை அடுத்த வாரம் எடுப்போம்' என்று வெண்மதி முடித்துவிட்டார்.

"இவ்வளவுதானால!" என்று குதித்தார் தங்கப்பழம். "நான் குரூப்பை விட்டுப் போறேன். அந்தத் தீர்மானமும் செல்லாது!"

"அண்ணாச்சி போகலாமான்னு கேட்டுருவோம்," என்றான் மாசானம். வாக்கெடுத்தார்கள். போகக் கூடாது என்று நாலு, போகலாம் என்று ஒன்று. தங்கப்பழம் விதியை அப்போதுதான் முதன்முறையாகப் படித்தார்.

மறுநாள் காலை கிளைக் கூட்டம் கடையில் நடந்தது. சொரிமுத்துவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகத் தீர்மானம். கடை முழுக்கத் தேடியதில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மின்விசிறிக்குக் கீழே, மேசைக்குப் பின்னால், தங்கப்பழம் உட்கார்கிற வேலை. நாலுக்கு ஒன்றில் அது சொரிமுத்துவுக்குப் போயிற்று. கட்டுக்காலை மேசையில் நீட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, விசிறி நல்லா வருது" என்றான்.

அன்றைக்குக் கீழத்தெருவில் ஒரு பந்தல். எசக்கி பிடிப்பான், பிச்சக்கண்ணு அடிப்பான், மாசானம் "ம்" என்பான். ஏற ஆளில்லை. கிளையில் வேலையில்லாமல் இருந்தவர் ஒருவர்தான். வாக்கெடுப்பு நடத்தவே அவசியமில்லை என்று மாசானம் நினைத்தான். ஆனாலும் முறை தவறக் கூடாதே என்று நடத்தினான்.

தங்கப்பழம் வேட்டியை மடித்துக்கட்டி, ஏணி வழியாக உச்சிக்கு ஏறினார். ஏறின கோபத்தில், "கால்ல இடிக்குது, இந்த ஏணியை எடுங்கல" என்றார். உடனே எடுத்துவிட்டார்கள். கயிற்றைக் கட்டி முடித்துக் கீழே பார்த்தார். தலை கிறுகிறுத்தது. கம்பை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஏல மாசானம்! ஏணியை வைல!"

மாசானம் ஏணிமேல் கை வைத்தான். சட்டென்று நினைவு வந்து கையை எடுத்துவிட்டான். "தனியா எப்படி வைக்க தோழர்? கேக்கணும்லா."

"எடுக்கச் சொன்னப்பம் மட்டும் உடனே எடுத்தியே!"

"அது தப்புதான்," என்று மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டான் மாசானம். "வெள்ளிக்கிழமை மைக்குல சொல்லிருதேன்."

கடையிலிருந்து சொரிமுத்துவை நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். பந்தலுக்கு நடுவில் ஜமுக்காளம் விரித்து, நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஐந்தாவது ஆளுக்கு மரியாதையாக இடம் விட்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாசானம் நிமிர்ந்து பார்த்துக் கையைக் குவித்துக் கூப்பிட்டான்:

"தோழர், எல்லாரும் உக்காந்தாச்சு, நீங்க மட்டுந்தான் பாக்கி. வெரசா இறங்கி வாங்க. ஏணி வைக்கலாமா வேண்டாமான்னு பேசி முடிச்சிருவோம்!"